மக்காச்சோளம், சோயாவில் பூச்சி: அறிகுறியைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது

சென்னைக்குள் மக்காச்சோளம் என்றால் பெரும்பாலும் மாடியில் பத்துப் பதினைந்து பைகள். திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் போனால் அரை ஏக்கர், ஒரு ஏக்கர். சோயா போடுபவர்கள் நம் பகுதியில் குறைவு. ஆனால் ஊடுபயிராகப் போட்டுப் பார்ப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு இருக்கிறார்கள். மாடியோ வயலோ, எனக்கு வரும் படங்கள் ஒரே மாதிரிதான். ஓட்டை விழுந்த ஓர் இலை, அதன் கீழே "என்ன மருந்து அடிக்கலாம்?" என்ற கேள்வி.

அந்த இலையைப் பார்த்து மருந்து சொல்ல முடியாது. இலையில் தெரியும் ஓட்டை போன வாரக் கதை. புழு இன்னும் இருக்கிறதா, எவ்வளவு வளர்ந்திருக்கிறது, செடியில் எங்கே பதுங்கியிருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த வேலை. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் பார்வை, பிறகு கைவேலை, அதற்குப் பிறகே தெளிப்பு.

பார்க்கும் நேரம் காலை ஏழு மணிக்குள், அல்லது இருட்டிய பின் டார்ச்சுடன். நண்பகலில் போய்ப் பார்த்துவிட்டு "பூச்சியே இல்லை" என்று சொல்வதில் பயனில்லை. மாடியில் எல்லாச் செடிகளையும் பாருங்கள். வயலில் ஐந்து இடங்களில், இடத்துக்கு இருபது செடி, மொத்தம் நூறு. எத்தனை செடியில் புதுச் சேதம் இருக்கிறதோ அதுவே உங்கள் சதவீதம். வரப்போரச் செடிகளை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

மக்காச்சோளம்

1. முளைத்த நாற்று காணவில்லை, அல்லது அடியோடு சாய்ந்து கிடக்கிறது

*மண் கிளறப்பட்டு, விதையையே காணோம்:* அணில், எலி, மைனா. பூச்சி இல்லை. நாற்று ஒரு சாண் உயரம் வரும்வரை வலை போட்டு மூடினால் போதும். மாடியில் இந்தப் புகாரில் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடும்.

*தண்டு தரைமட்டத்தில் கத்தரித்ததுபோல் இருக்கிறது:* செடியைச் சுற்றி இரண்டு விரல்கடை ஆழத்துக்கு மண்ணைக் கிளறுங்கள். சுருண்டு படுத்திருக்கும் சாம்பல் நிறப் புழு கிடைத்தால் அது வெட்டுப்புழு. எடுத்து நசுக்குங்கள். அட்டைச் சுருள் ஒன்றை நாற்றைச் சுற்றிப் புதைத்தால் மிச்சம் பிழைக்கும்.

*பளபளவென்று கோடு, பக்கத்தில் இலை கிழிந்திருக்கிறது:* நத்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சகஜம். இரவில் ஈரச் சாக்கு விரித்து, விடியலில் அதன் அடியில் ஒதுங்கியவற்றைப் பொறுக்கிவிடுங்கள்.

*நடுக்குருத்து மட்டும் காய்ந்திருக்கிறது:* நேராக 3-க்குப் போங்கள்.

2. குருத்தில் ஓட்டை, உள்ளே ஈர மரத்தூள் போல எச்சம்

இதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி ஆப்பிரிக்கா வழியாக வந்த படைப்புழு இந்தியாவில் முதன்முதலில் 2018-இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. அந்துப்பூச்சி ஓரிரவில் நூறு கிலோமீட்டர்கூடப் பறக்கக் கூடியது. "எங்கள் தெருவில் யாருமே சோளம் போடவில்லையே, எப்படி வந்தது?" என்ற கேள்விக்கு அதுதான் பதில். நான்காவது மாடியும் அதற்கு உயரம் இல்லை.

ஆள் அதுதானா என்று பாருங்கள். தலையில் வெள்ளைக் கோட்டில் தலைகீழ் 'ஒய்' எழுத்து; வால் பக்கம் கடைசிக்கு முந்தைய உடல் வளையத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இரண்டும் இருந்தால் படைப்புழு. சின்னப் புழுவில் இவை தெளிவாகத் தெரியாது. கைப்பேசிக் கேமராவை அருகில் வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பிறகு செடி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பிரியுங்கள்.

*அ) இலையில் கண்ணாடி போல வெண்திட்டுகள், ஓட்டை இன்னும் விழவில்லை.* புழு பொரித்துச் சில நாட்கள்தான் ஆகின்றன. இலையின் பச்சையை மட்டும் சுரண்டுகிறது. மடக்குவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. இலையின் மேலும் அடியிலும் ரோமப் போர்வை போர்த்திய முட்டைக் குவியல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு குவியலில் நூறு இருநூறு முட்டை இருக்கும். ஒன்றை விரலால் நசுக்கினால் அத்தனையும் போச்சு. கண்ணில் பட்டதை நசுக்கிவிட்டு, வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் குருத்துக்குள் இறங்கும்படி அடிக்க வேண்டும். இடிக்க நேரமில்லாதவர்கள் 1500 பி.பி.எம். அசாடிராக்டின் வாங்கி லிட்டருக்கு 5 மி.லி. கலக்கலாம். ஒரு வாரம் கழித்து மறுமுறை.

*ஆ) குருத்து விரியும்போது வரிசையாக ஓட்டை, எச்சம் ஈரமாக இருக்கிறது.* புழு பெரிது. இந்தக் கட்டத்தில் ஒரு குருத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய புழுதான் மிஞ்சியிருக்கும், கூடப் பிறந்தவற்றை அதுவே தின்றிருக்கும். மாடியில் இது உங்களுக்குச் சாதகம்: பதினைந்து செடி, பதினைந்து புழு. குருத்தை மெல்ல விரித்து இடுக்கியால் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. மருந்து வாங்கப் போய்வரும் நேரத்தில் இரண்டு முறை எடுத்துவிடலாம். பிறகு குருத்தில் ஒரு சிட்டிகை காய்ந்த மணல், அல்லது ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து போடுங்கள். இது முதல் முப்பது நாள் செடிக்குத்தான்.

வயலில் எண்ணிக்கை பாருங்கள். முளைத்து மூன்று நான்கு வாரத்துக்குள் நூற்றுக்கு 5 செடி, நடுக்குருத்துப் பருவத்தில் 10 செடி, கடைசிக் குருத்துப் பருவத்தில் 20 செடி என்ற அளவைத் தாண்டினால்தான் மருந்துச் செலவு கட்டுப்படியாகும். தாண்டினால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. (நீரில் கரையும் குருணை) லிட்டருக்கு 0.4 கிராம், அல்லது ஸ்பினெடோரம் 11.7 எஸ்.சி. (திரவ மருந்து) லிட்டருக்கு 0.5 மி.லி., அல்லது குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. லிட்டருக்கு 0.4 மி.லி. ஏதாவது ஒன்றுதான். அடுத்த தெளிப்பு வேண்டியிருந்தால் வேறொன்று. மூன்றையும் ஒரே தொட்டியில் கலக்கும் பழக்கம் கடைக்காரருக்கு லாபம், உங்களுக்கு இல்லை. தெளிப்பான் முனையைக் குருத்துக்கு நேராகப் பிடியுங்கள். இலைமேல் தூவியது குருத்துக்குள் எச்சத்தை மூடிபோல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புழுவை எட்டாது.

*இ) ஓட்டை நிறைய, எச்சம் காய்ந்து உதிர்கிறது, புழுவே இல்லை.* மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் போய்விட்டது. தெளிக்காதீர்கள். செடியடி மண்ணை இரண்டு மூன்று அங்குலம் கிளறி, பழுப்புக் கூட்டுப்புழுக்களைப் பொறுக்குங்கள். காக்கையும் மைனாவும் உதவிக்கு வரும். அடுத்த தலைமுறை கிளம்பி வருவதற்குள் இனக்கவர்ச்சிப் பொறி வைக்க இதுதான் சமயம். கடையில் படைப்புழுவுக்கான கவர்ச்சிக் குப்பி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். காய்ப்புழுவுக்கு உரிய குப்பியை மாட்டிவிட்டு "ஒன்றும் விழவில்லை, அதனால் பூச்சி இல்லை" என்று நிம்மதியாக இருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஏக்கருக்கு ஐந்து பொறி, மாடிக்கு ஒன்று.

*ஈ) ஆண்பூ வந்துவிட்டது.* இனி இலைச் சேதத்துக்காகத் தெளிப்பது வீண். 5-க்குப் போங்கள்.

*ஆளைக் கூப்பிடும் கட்டம்:* சரியான மருந்தை, சரியான அளவில், மாலையில் அடித்தும் ஐந்தாம் நாள் புதிய ஈர எச்சம் தெரிந்தால். அப்போது அளவை இரட்டிப்பாக்காதீர்கள். கடைசிப் பகுதியில் சொன்ன இடங்களுக்குப் புழுவோடு போங்கள்.

3. நடுக்குருத்து காய்கிறது, மற்ற இலைகள் பச்சையாக இருக்கின்றன

காய்ந்த குருத்தைப் பிடித்து மெல்ல இழுங்கள்.

*சுலபமாக வந்துவிட்டது, அடியில் அழுகி நாற்றமடிக்கிறது, செடிக்கு வயது ஒரு மாதத்துக்குள்:* குருத்து ஈ. அந்தச் செடி பெரும்பாலும் தேறாது. பிடுங்கி எரியுங்கள் அல்லது மூடிய பையில் போடுங்கள். அடுத்த முறை குழிக்குக் கூடுதல் விதை போட்டு, நோய்ப்பட்டதைக் கலைத்து விடுங்கள்.

*இழுக்கும்போது எதிர்க்கிறது, தண்டில் துளை, இலையில் குறுக்காக ஒரே வரிசையில் குண்டூசி ஓட்டைகள்:* தண்டுத் துளைப்பான். தண்டை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே புழு இருக்கும். உள்ளே போன புழுவை மருந்து எட்டாது. பாதித்ததை வெட்டி அப்புறப்படுத்துவதே வழி. வயலில் பூச்சியின் முட்டைகளை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற குட்டிக் குளவி ஒட்டுண்ணியின் அட்டைகளை முட்டைப் பருவத்திலேயே கட்டினால்தான் பலன். அட்டை கட்டிய வயலில் அந்த வாரம் மருந்தடித்தால் காசைக் காற்றில் விட்டதுதான், ஏனென்றால் ஒட்டுண்ணி முதலில் சாகும்.

4. குருத்தும் ஆண்பூவும் பிசுபிசுக்கின்றன, கரும்பூச்சு படிகிறது

அசுவினி. தை, மாசிப் பனிக் காலத்தில் அதிகம். எறும்பு சாரைசாரையாக ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் எறும்பை முதலில் தடுங்கள், ஏனென்றால் அசுவினியின் எதிரிகளை விரட்டிக் காவல் காப்பது அதுதான். பொறிவண்டும் அதன் முதலைமுக இளம்புழுவும் தென்பட்டால் ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். இல்லையென்றால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். பிறகு வேப்பெண்ணெயும் சோப்பும். இதற்காக யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

5. கதிரில் மணி இல்லை, பல் விழுந்த வாய்போல இருக்கிறது

பூச்சி என்று கேட்டு வருபவர்களில் பலருக்குப் பூச்சியே காரணம் இல்லை. மக்காச்சோளம் காற்றால் மகரந்தம் பரவும் பயிர். மாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒற்றை வரிசையில் வைத்தால் மகரந்தம் பக்கத்து வீட்டுக்குப் போகும், கதிருக்குப் போகாது. நாலு வரிசையாகச் சதுரத்தில் வையுங்கள். ஆண்பூ உதிரும் காலைகளில் அதைத் தட்டி, உதிரும் மஞ்சள் தூளைக் கதிரின் முடிமேல் படச் செய்யுங்கள். கத்திரி வெயிலில் பூக்கும்படி விதைத்தாலும் மணி பிடிக்காது. சூட்டில் மகரந்தம் செத்துவிடும்.

*முடி கடிபட்டிருக்கிறது, கதிர் நுனியில் எச்சம்:* மேலுறையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். காய்ப்புழுவோ படைப்புழுவோ, நுனியில் இருந்தால் கையால் எடுத்துவிட்டு உறையை மூடுங்கள். பறிக்கும்போது நுனி இரண்டு அங்குலத்தை வெட்டி எறிந்தால் மீதி சாப்பிட நன்றாகவே இருக்கும். பச்சையாகச் சாப்பிடும் இனிப்புச் சோளத்தில் இந்தக் கட்டத்தில் இரசாயன மருந்து வேண்டவே வேண்டாம்.

*உறை கிழிந்து, மணிகள் வரிசையாகக் கொறிக்கப்பட்டிருக்கின்றன:* எலி அல்லது அணில். கதிர்மேல் துணிப்பை கட்டுங்கள்.

சோயா

(உளுந்து, காராமணி போட்டவர்களும் இதையே பார்க்கலாம், பெரும்பாலும் அதே பூச்சிகள்.)

6. இலை மஞ்சளாகிறது

*அடி இலைகள் முதலில், ஒரே சீராக:* தண்ணீர் தேங்குகிறது அல்லது சத்துக் குறை. பையின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள். பூச்சி மருந்துக்கு இங்கே வேலை இல்லை.

*இலையில் நுண்ணிய வெளிர்புள்ளிகள், அடியில் மெல்லிய வலை, கோடை:* செம்பேன். இலையின் அடிப்பக்கம் நனையும்படி காலையும் மாலையும் தண்ணீர் அடியுங்கள்.

*இளம் இலைகளில் பச்சையும் அடர்மஞ்சளும் திட்டுத்திட்டாக:* மஞ்சள் தேமல். இது வைரஸ், வெள்ளை ஈ பரப்புவது. செடியை லேசாகத் தட்டினால் வெள்ளைப் பொடி பறப்பதுபோல ஈக்கள் எழும். வந்த செடிக்கு மருந்து கிடையாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிடுங்க மனம் வராமல் "இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்" என்று வைத்திருக்கும் ஒரு செடியிலிருந்துதான் மீதி இருபதுக்கும் போகிறது. ஈ கலையாத அதிகாலையில் பிளாஸ்டிக் பையைச் செடிமேல் கவிழ்த்து, பிடுங்கி, பையோடு கட்டி அப்புறப்படுத்துங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறியைச் செடி உயரத்துக்கு மாட்டுங்கள். தலைக்குமேல் தோரணமாகக் கட்டினால் அழகாக இருக்கும், ஈ விழாது. மிச்சச் செடிகளுக்கு வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய்க் கரைசல், இலையின் அடிப்பக்கம்.

*ஆளைக் கூப்பிடும் கட்டம்:* பூக்கும் முன்பே வயலில் ஆங்காங்கே தேமல் தெரிந்தால். தாங்கும் திறன் உள்ள ரகம், விதை நேர்த்தி இரண்டையும் அடுத்த பட்டத்துக்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

7. ஓரிரு இலைகள் மட்டும் வெள்ளைச் சல்லடையாக நிற்கின்றன

அந்த இலையைத் திருப்புங்கள். சின்னஞ்சிறு புழுக்கள் கூட்டமாக இருந்தால் புரோடீனியா எனப்படும் வெட்டுப்புழு. இலையை அப்படியே கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இன்று கிள்ளும் ஓர் இலை, பத்து நாள் கழித்து அடிக்கப்போகும் ஒரு தெளிப்புக்குச் சமம். புழுக்கள் கலைந்துவிட்டால் பகலில் மண்ணிலும் சருகிலும் ஒளிந்துகொள்ளும். இரவில் டார்ச்சோடுதான் பிடிக்க முடியும். வயல் ஓரத்தில் ஆமணக்கு நட்டால் தாய்ப்பூச்சி அதில் முட்டையிடும். தினமும் ஆமணக்கு இலையைப் பார்த்துக் குவியலைப் பறிப்பவருக்கு மட்டுமே அது பயன்படும். பறிக்காதவருக்கு ஆமணக்கு ஒரு புழுப் பண்ணை. செடி உச்சியில் புழு தலைகீழாகத் தொங்கிச் செத்திருந்தால் நல்ல செய்தி: வைரஸ் நோய் தாக்கியிருக்கிறது. அதைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

8. பச்சையாக நின்ற செடி திடீரென வாடுகிறது

தண்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே செம்பழுப்புச் சுரங்கம் இருந்தால் தண்டு ஈ. தண்டிலோ காம்பிலோ இரண்டு வளையம் வெட்டி, அதற்கு மேல் பகுதி வாடியிருந்தால் வளைய வண்டு. அது மத்தியப் பிரதேசத்துச் சோயா விவசாயிகளின் தலைவலி, கீழ் வளையத்துக்கும் கீழே வெட்டி எறிந்தால் தீரும். தண்டு சுத்தமாக இருந்து வேர் கறுத்து உரிந்தால் வேரழுகல். அது பூஞ்சைக் கணக்கு. இந்த வழிமுறை உதவாது, பிடுங்கிய செடியோடு நிபுணரிடம் போங்கள்.

9. காயில் வட்ட ஓட்டை, அல்லது காய் சப்பை

வட்ட ஓட்டை என்றால் காய்ப்புழு, பாதி உடல் வெளியே தொங்கியபடி தின்னும். கைப்பொறுக்கல், பறவை உட்காரக் குச்சிகள். ஓட்டையே இல்லாமல் காய் சப்பையாக, மணி சுருங்கியிருந்தால் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. அதிகாலையில் அது மந்தமாக இருக்கும். சோப்புத் தண்ணீர்க் குவளையைக் கீழே பிடித்துத் தட்டிவிடுங்கள்.

அறுவடைக்குப் பின்: டப்பாவில் மாவு உதிர்கிறது

சோள மணியில் துளையிட்டு மாவு உதிர்ப்பது கூன்வண்டு. காராமணி, உளுந்தின் மேல் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் பயறு வண்டின் முட்டை. நம் ஊர் வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு அடையுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சமையலுக்கு வைத்த கொஞ்சத்தை ஃபிரீசரில் நாலைந்து நாள் வைத்தால் முட்டையும் சாகும்.

மூட்டைக்கணக்கில் வண்டு என்றால் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் நீங்களே வைக்காதீர்கள். அது வெளியிடும் வாயு வண்டையும் கொல்லும், அடுத்த அறையில் தூங்குபவரையும் கொல்லும். இதில் சமரசமே இல்லை.

எந்த மாதம் எதை எதிர்பார்ப்பது

ஆடிப்பட்டத்தில் குருத்துப் புழுக்கள் வேகமெடுக்கும். வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் நாட்களில் அசுவினியும் வெள்ளை ஈயும் கழுவப்பட்டுக் குறையும். ஆனால் நத்தையும் வேரழுகலும் வரும், அடித்த மருந்தும் ஓடிவிடும். மழை விட்டு பத்துப் பதினைந்து நாளில் துளிர் கிளம்பும்போது புழுக்கள் திரும்பும். அந்த இரண்டு வாரத்தில் தினமும் பார்ப்பவர் பிழைத்தார். தையிலிருந்து மாசி வரை அசுவினி. பங்குனி தொடங்கி வைகாசி வரை வெள்ளை ஈ, செம்பேன். படைப்புழுவுக்கு மட்டும் பருவமே கிடையாது. சோளம் இருந்தால் அதுவும் இருக்கும்.

மருந்து என்று முடிவாகிவிட்டால்

டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். மாடித்தோட்டத்தில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடமில்லை. பக்கத்து மாடியில் வடாம் காய்கிறது, நடுவில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மோனோகுரோட்டோபாஸ் காய்கறிகளில் 2005 முதலே தடைசெய்யப்பட்டது. "சோளத்துக்குத்தானே, அடிக்கலாம்" என்று யாராவது எடுத்துக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தெளித்தவருக்கு வாந்தி, அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், பார்வை மங்கல் என்றால் உடனே 108. மருந்து டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள்.

யாரிடம், எதை எடுத்துக்கொண்டு போவது

வயல்காரர்களுக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையம். திருவள்ளூர்ப் பக்கம் திரூரிலும், செங்கல்பட்டுப் பக்கம் காட்டுப்பாக்கத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. மாநகருக்குள் இருப்பவர்களுக்குக் கிண்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல், பயிற்சி மையம். எங்கிருந்தும் கட்டணமில்லாமல் அழைக்கக் கிசான் அழைப்பு மையம் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம்.

வெறும் இலையோடு போகாதீர்கள். உயிருள்ள புழுக்களைக் கொஞ்சம் குருத்தோடு, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் தனித்தனியாகப் போடுங்கள். படைப்புழுக்களை ஒன்றாகப் போட்டால் போய்ச் சேரும்போது ஒன்றுதான் இருக்கும். முழுச் செடி ஒன்று வேரோடு. விதைத்த தேதி, இதுவரை அடித்த மருந்தின் பெயர், அளவு, அடித்த நாள், அதன் பிறகு மழை பெய்ததா என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அங்கே முதலில் கேட்கப்படுவது அதுதான்.